பாங்கோஸுக்குச் சுருதி உண்டா?

(குண்டடத்தில், மெல்லிசைக் குழுக்களிலும் ஜமாப் செட்டுகளிலும் வாசிக்கும் இளைஞர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவு)



மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்கிற பையன்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பாங்கோஸை எத்தனை கட்டைக்கு வெக்கறதுங்கண்ணா?" பாடுகிறவர் நாலு கட்டை என்றால் ஆர்மோனியம் நாலு கட்டை, தபலா நாலு கட்டை. அப்படியானால் பாங்கோஸும் நாலு கட்டையாகத்தானே இருக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். இப்போது செல்போனில் ட்யூனர் வேறு வந்துவிட்டது. அதன் முன்னால் தபலாவைத் தட்டினால் முள் ஓரிடத்தில் நிற்கும். பாங்கோஸைத் தட்டினால் அங்குமிங்கும் ஓடும், தட்டுக்கு ஒரு ஸ்வரம் காட்டும். செல்போன் சரியில்லை என்பான் பையன், இல்லாவிட்டால் வாத்தியம் சரியில்லை என்பான். இரண்டிலும் கோளாறு இல்லை.

தபலாவுக்கும் மிருதங்கத்துக்கும் இருக்கிற பொருளில் பாங்கோஸுக்குச் சுருதி கிடையாது. ஒவ்வொரு தோலும் சுற்றிலும் ஒரே இழுப்பில் நிற்க வேண்டும்; அப்புறம் சின்னத் தலைக்கும் பெரிய தலைக்கும் நடுவே காது ஏற்கிற ஓர் இடைவெளி வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அது ஏன் அப்படி, அதை எப்படிக் கொண்டுவருவது என்பதற்குத்தான் கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறேன்.

வாத்தியத்தின் ஊரை முதலில் சொல்லிவிடுகிறேன். பாங்கோஸ் பிறந்தது கியூபாவின் கிழக்குப் பகுதியில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் உண்டாக்கியது. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்ததே 1886-இல்தான். குவாந்தானமோ பக்கத்தில் சாங்குயி என்றொரு நாட்டுப்புற இசை, அதற்கு உறவான சோன் என்றொரு பாட்டு வகை, இரண்டிலும் தாளத்துக்கு இருந்தது இந்த ஜோடி முரசு. 1920-களில் செக்ஸ்டெட்டோ ஹபனேரோ போன்ற குழுக்களின் இசைத்தட்டுகள் வந்த பிறகு சோன் நாடு முழுக்கப் பரவியது, பாங்கோஸும் கூடவே போனது. அதற்கு முன்னால் ஆப்பிரிக்கச் சாயல் உள்ள தோற்கருவிகளைக் கண்டு முகம் சுளித்த மேட்டுக்குடியும், பறித்துக்கொண்டு போன போலீஸும் அங்கே இருந்தார்கள். தப்பட்டை அடிக்கிறவரை ஊர்க்கோடியில் நிறுத்தி வைத்த நாட்டில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வாத்தியத்தின் அமைப்பு எளிமையானது. பெரிய தலை ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் விட்டம், சின்னது 18 சென்டிமீட்டர். கியூபாக்காரர்கள் சின்னதை ஆண் என்றும் பெரியதைப் பெண் என்றும் சொல்கிறார்கள். அடிப்பக்கம் இரண்டும் திறந்தே இருக்கும். உட்கார்ந்துகொண்டு முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, விரலால் வாசிப்பது வழக்கம். வலக்கைக்காரருக்குச் சின்னது இடப்பக்கம் வரும்.

இனி நம் ஊருக்கு வருவோம். மாரியம்மன் பொங்கலுக்கு வருகிற பம்பையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஜோடி வாத்தியம்தான்: ஒன்று மரத்தில், ஒன்று பித்தளையில், சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொள்கிறோம். இரண்டு வேறு ஓசைகளை ஒரே ஆள் கையில் கொடுப்பது என்ற யோசனை கியூபாவுக்கு மட்டும் சொந்தமில்லை. உருமியில் வளைந்த குச்சியைத் தேய்த்து முனக வைக்கிறோம் அல்லவா? அந்தக் காலத்துப் பாங்கோஸ்காரர்களும் பெரிய தலையில் விரலை எச்சிலாலோ வியர்வையாலோ ஈரமாக்கி இழுத்து, அதே மாதிரி ஓர் உறுமலை எழுப்பியிருக்கிறார்கள். சிலர் தோலில் தேன்மெழுகு தடவிக்கொள்வார்களாம்.

எனக்கு இதைவிடப் பிடித்த பொருத்தம் தீ. ஆரம்ப காலப் பாங்கோஸில் நட்டும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. தோலைக் கட்டையோடு ஆணியடித்து நிறுத்தியிருப்பார்கள். ஓசை இறங்கினால் நெருப்பில் காட்டுவார்கள். நம் தப்பட்டையில் மரச்சட்டத்தின் மேல் தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டுகிறோம். ஓசை மந்தமானால் ஓலையையும் வைக்கோலையும் கொளுத்திக் காய்ச்சுகிறோம். ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு கூட்டத்தார், தோலிலிருக்கிற ஈரத்தை விரட்டினால் தோல் சுருங்கும், சுருங்கினால் ஓசை ஏறும் என்பதைத் தங்கள் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். 1940-களில்தான் பாங்கோஸுக்கு உலோக வளையமும் திருகும் பரவலாயின. இங்கேயும் அப்படித்தான்: வாரால் இழுத்துக் கட்டிய தவில் போய், இன்று பெரும்பாலான தவில்களில் இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும்தான். பாங்கோஸுக்கே திரும்பினால், 1962-இல் அமெரிக்கா கியூபாவோடு வணிகத்தைத் துண்டித்தது. நியூயார்க்கில் கியூபா பாங்கோஸ் கிடைக்காமல் போனது. அந்த இடத்தைப் பிடிக்க 1964-இல் மார்ட்டின் கோஹன் என்பவர் தொடங்கியதுதான் எல்.பி. நிறுவனம். இன்று கடைகளில் நாம் பார்க்கிற பாங்கோஸ் பெரும்பாலும் அந்த மாதிரியைப் பின்பற்றிச் செய்தவைதான்.

சினிமா கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்களுக்கே தெரியும். 1951-இல் 'அல்பேலா' இந்திப் படத்தில் இசையமைப்பாளர் சி. ராம்சந்திரா பாங்கோஸை சாக்ஸபோன், டிரம்பெட்டுடன் சேர்த்தார். தமிழில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்தில் அது நிலைத்த இடம் பிடித்தது. 'சர்வர் சுந்தரம்' 1964-இல் வந்த படம். அதில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கிய பாட்டு இருக்கிறதே, எம்.எஸ்.வி. அவர்களே நின்று நடத்துகிற பாட்டு, அதை இன்று இரவு வீட்டில் போட்டுத் தாளத்தை மட்டும் கேளுங்கள். அப்புறம் ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழு வந்தது. பாங்கோஸ் இல்லாத மேடை இல்லை. 1980-களில் ரோலண்ட் நிறுவனத்தின் ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளக்கருவி வந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் பாங்கோஸ், இன்னொன்றை அமுக்கினால் உருமி. மழைக்கும் வெயிலுக்கும் மாறாது, முறுக்க வேண்டாம், தளர்த்த வேண்டாம். நல்ல கருவிதான்; கல்யாண வீட்டில் ஏழு வாத்தியத்தை வேனில் ஏற்றி இறக்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் பேடில் தொடங்கிய பையனுக்குத் தோலைக் கேட்கிற பழக்கம் வராமலே போகிறது. அவன் கையில் நிஜப் பாங்கோஸைக் கொடுத்தால், ஓசை ஏன் இன்று வேறு மாதிரி இருக்கிறது என்று திகைக்கிறான்.

இப்போது சுருதி விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வீணைக் கம்பியை மீட்டினால் ஒரே ஓசை எழுவதில்லை. அடி ஓசையோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேல் ஓசைகள் அடுக்காகக் கிளம்புகின்றன. முழு எண்ணாக அடுக்கி நிற்பதால் காது அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து "இது ஸ" என்று ஒப்புக்கொள்கிறது. வட்டமான தோல் அப்படி அதிர்வதில்லை. அடி ஓசையை 1 என்று வைத்தால், வெறும் தோலின் மேல் ஓசைகள் 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று போகும். எதுவும் எதோடும் சேராது. காதுக்கு ஒரு ஸ்வரமாகப் பிடிபடாது. மேலே, கீழே என்று மட்டும் தெரியும். செல்போன் முள் அலைந்ததற்குக் காரணம் இதுதான். எதைப் பிடித்து நிற்பது என்று அதற்குத் தெரியவில்லை.

அப்படியானால் மிருதங்கமும் தோல்தானே, அது மட்டும் எப்படிச் சுருதியோடு பேசுகிறது? இதற்கு விடை சொன்னவர் நம்மவர். திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு வாங்கினார் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, கல்கத்தாவில் இருந்தபோது, சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் முரசுகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாகக் கட்டுரையே எழுதினார். மிருதங்கத்து வலந்தலையின் நடுவில் கறுப்பாக அப்பியிருக்கிற கரணைதான் அந்த வித்தையைச் செய்கிறது என்று காட்டினார். நடுவில் கனமாகவும் ஓரத்துக்குப் போகப்போக மெலிதாகவும் படிந்திருக்கிற அந்தப் பூச்சின் எடையால், முழு எண்ணில் சேராமல் சிதறியிருந்த மேல் ஓசைகள் இடம்பெயர்ந்து வரிசைக்கு வந்துவிடுகின்றன. தோலின் ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்தே ஓசைகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. அதை வெறும் கணக்காகப் போட்டு விட்டுவிடவில்லை. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அதிரும்போது மணல் எந்தக் கோட்டில் போய் நிற்கிறது என்று பார்த்தார். மணல் நிற்கிற கோட்டில் தோல் அசையவில்லை என்று அர்த்தம். ஒரு சிட்டிகை ரவை இருந்தால் இதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

கரணையைக் கண்டுபிடித்தவர் யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. ராமன் எழுதுவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே, சோறும் கறுப்புக் கல்லின் பொடியும் பிசைந்து, ஒரு வரிசை பூசி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, அடுத்த வரிசை பூசிய கைகள் அவை. விஞ்ஞானி பின்னால் வந்து, அவர்கள் செய்தது சரிதான் என்றார்.

பாங்கோஸில் கரணை இல்லை. அதை ஒரு குறையென்று நான் சொல்ல மாட்டேன். ஸ்வரம் பிடிபடாத வாத்தியம் எந்தச் சுருதியோடும் சண்டைக்குப் போகாது. பாடகி ஐந்தரைக் கட்டையில் பாடிவிட்டு இறங்க, அடுத்தவர் ஒரு கட்டையில் தொடங்கினால் தபலாக்காரர் வேறு தபலாவைத் தேடி எடுக்க வேண்டும். பாங்கோஸ்காரர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பல்லவி ஒரு சுருதியிலும் சரணம் இன்னொரு சுருதியிலும் போகிற சினிமாப் பாட்டுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். பாங்கோஸ் நம் திரையிசையில் அவ்வளவு எளிதாகக் குடியேறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

ஸ்வரம் பிடிபடாது என்பதால் எப்படி வேண்டுமானாலும் முறுக்கி வைக்கலாம் என்று ஆகிவிடாது. ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்த தோலைத் தட்டிப் பாருங்கள். ஓசை ஒன்றாக வராது. வ்வோ வ்வோ என்று அலைந்துகொண்டே தேயும். தோலின் இரண்டு பாதியும் மாறி மாறி ஏறி இறங்குகிற அதிர்வு ஒன்று உண்டு. எந்தத் திசையில் பாதியாகப் பிரிந்து ஆடினாலும் அதற்கு ஒரே வேகம்தான், இழுப்பு சுற்றிலும் சமமாக இருக்கிற வரைக்கும். இழுப்பு மாறினால் ஒரு திசைக்கு ஒரு வேகம், குறுக்குத் திசைக்கு வேறு வேகம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது காதுக்கு அலைச்சலாகக் கேட்கிறது. நிட்டிங் மெஷினில் ஒரு நூலுக்கு மட்டும் டென்ஷன் கூடினால் துணி முழுக்கக் கோடு விழும், கோடு எங்கே என்று தேடுவதை விட்டுவிட்டு அந்த ஒரு நூலைத்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பாங்கோஸிலும் அந்த ஒரு நட்டைத் தேடுவதுதான் வேலை.

செய்முறைக்கு வருகிறேன். தம்பிகள் வாத்தியத்தை மடியில் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் எல்லா நட்டையும் விரலால் சுழல்கிற அளவுக்குத் தளர்த்திவிடுங்கள். மரையில் துரு இருந்தால் துடைத்துவிட்டு ஒரு பொட்டு எண்ணெய் விடுங்கள். கரகரவென்று திரும்புகிற நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதில் பொய் சொல்லும். எண்ணெய் தோலிலும் மரத்திலும் படக் கூடாது. பிறகு வளையம் கட்டையின் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். சாய்ந்த வளையத்தோடு தொடங்கினால் கடைசிவரை நேராகாது. விரலாலேயே எல்லா நட்டையும் பிடிமானம் வரும்வரை திருகுங்கள். ஸ்பேனர் அப்புறம்தான்.

சின்னத் தலையிலிருந்து தொடங்குவது என் வழக்கம். அதற்குத்தான் எல்லை உண்டு: கொஞ்சம் குறைந்தால் சப்பென்று இருக்கும், கொஞ்சம் கூடினால் தோல் தாங்காது. அதை அதன் இடத்தில் உட்காரவைத்துவிட்டால் பெரியது வளைந்து கொடுக்கும். ஒரு நட்டுக்குக் கால் சுற்று. அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பது, பக்கத்தில் இருப்பது அல்ல. நாலு நட்டென்றால் எதிரெதிராக, அஞ்சு நட்டென்றால் ஒன்று விட்டு ஒன்று. ஒரே நட்டை ஒரே மூச்சில் அரைச் சுற்று, முழுச் சுற்று முறுக்குகிறவர்கள் சீக்கிரத்தில் தோல் கடைக்குப் போவார்கள்.

இப்போது கேளுங்கள். ஒரு விரலைத் தோலின் நடுவில் லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். மறு கை விரலால் ஒவ்வொரு நட்டுக்கும் நேராக, விளிம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே தட்டுங்கள். நடுவில் விரல் இருப்பதால் அடி ஓசை அடங்கிவிடும். நான் சொன்ன அந்தப் பாதிப் பாதி அதிர்வுக்கு நடுவில் அசைவே இல்லை, ஆகவே அது தப்பித்து ஒலிக்கும். எந்த நட்டுப் பக்கம் ஓசை தாழ்ந்து கேட்கிறதோ அங்கே சிறிது இறுக்குங்கள். எங்கே உயர்ந்து கேட்கிறதோ அங்கே சிறிது தளர்த்துங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஓசை வந்த பிறகு நடுவில் வைத்த விரலை எடுத்துவிட்டு ஒரு தட்டு. அலைச்சல் இல்லாமல் டிங் என்று நேராகப் போனால் அந்தத் தலை முடிந்தது. இது வருகிறவரை இடைவெளியைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அடுத்து இடைவெளி. எவ்வளவு வைப்பது என்பதில் நாலாவதிலிருந்து எட்டாவது ஸ்வரம் வரை, அதாவது ஸ–ம முதல் ஸ–மேல் ஸ வரை, ஆளுக்கொரு பழக்கம். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரே கனமுள்ள தோலை ஒரே இழுப்பில் இரண்டு கட்டையிலும் போட்டால், 22-க்கு 18 என்ற விட்டத்தினாலேயே சின்னது 1.22 மடங்கு மேலே ஒலிக்கும். அது நம் சாதாரண காந்தாரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஓசை இழுப்போடு நேராக ஏறுவதில்லை. இரண்டு மடங்கு ஓசைக்கு நான்கு மடங்கு இழுப்பு வேண்டும். ஆகவே ஸ–ம வர வேண்டுமென்றால் சின்னதில் இழுப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடினால் போதும். ஸ–ப வர ஒன்றரை மடங்கு ஆக வேண்டும். மேல் ஸ வரவேண்டுமென்றால் இரண்டே முக்கால் மடங்குக்குப் பக்கத்தில் போகும். எட்டாவது வைக்கிற ஆசையில் சின்னத் தோல் கிழிவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அதுதான் வேண்டுமென்றால் சின்னதை ஏற்றாதீர்கள், பெரியதை இறக்குங்கள். ஆனால் ரொம்ப இறக்கினால் பெரியது பானையைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். என் தீர்ப்பு ஸ–ப. மெலடிக்கும் சரிவரும், குத்துப்பாட்டுக்கும் சரிவரும். கிராமியப் பாட்டு அதிகம் வாசிக்கிறவர்கள் ஸ–ம வைத்துக்கொண்டால் பம்பை, உருமிக்குப் பக்கத்தில் உட்காரும்.

வைத்த இடைவெளி சரியா என்று பார்க்கக் கியூபாக்காரர்களின் மார்டில்லோ என்கிற அடிப்படை நடையே போதும். எட்டு எண்ணிக்கை. பெரிய தலையில் திறந்த அடி விழுவது ஏழாவதில் மட்டும், மற்றதெல்லாம் சின்னதில். வேகமாக வாசிக்கும்போதும் அந்த ஏழாவது தனியாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் இடைவெளி போதவில்லை.

இனி நம் ஊர் வானிலை. புத்தகங்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். கோவை–தாராபுரம் சாலையில் இருக்கிற நமக்கு அப்படி முடியாது. தோல் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் தளரும், காய்ந்தால் சுருங்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாலை இறக்கைகளைச் சுற்றுகிறதே தவிர, உப்பாறு அணையை நிரப்புகிறதில்லை. மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு வருகிற காற்று அது. அந்த மாதங்களில் பாங்கோஸ் யாரும் தொடாமலே ஏறிக்கொண்டு போகும். ஐப்பசியில் மழை இறங்கினால் அதே வாத்தியம் தொய்ந்து போகும். சித்திரை வெயிலில், நன்றாக முறுக்கிய பாங்கோஸைக் கதவு சாத்திய வேனுக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். திரும்பி வரும்போது தோல் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மார்கழி, தைத் திருவிழாக்களில் ஆறு மணிக்கு மேடையில் சேர்த்த ஓசை பத்து மணிப் பனிக்கு இறங்கிவிடும். அதனால் இரவு நிகழ்ச்சிக்குச் சின்னதைக் கொஞ்சம் தூக்கலாகவே வைத்துத் தொடங்குங்கள், இடைவேளையில் ஒரு முறை பாருங்கள். பெரிய விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்தால் கதை தலைகீழாகும், அங்கே ஏறத்தான் செய்யும்.

இதற்குத்தானே பிளாஸ்டிக் தோல் இருக்கிறது என்று யாரோ பின்னாலிருந்து சொல்கிறீர்கள். இருக்கிறது. அமெரிக்காவில் ரெமோ பெல்லி 1957-இல் தொடங்கிய நிறுவனம் பாலியஸ்டர் தோலை உலகமெங்கும் பரப்பியது. இன்று தப்பட்டைக்குக்கூட அது வந்துவிட்டது. மழையில் ஊர்வலம் போகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. பாங்கோஸில் அது கூர்மையாகப் பேசும், விரலை இழுத்து எழுப்புகிற உறுமல் எளிதில் வராது. மாதம் இருபது நிகழ்ச்சி என்றால் பிளாஸ்டிக் போடுங்கள். ஒலிப்பதிவுக்கு, வீட்டுச் சாதகத்துக்குத் தோல்தான்.

தோல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செருப்புக்கும் பைக்கும் ஊறப்போட்டுப் பதனிட்ட தோல் முரசுக்கு ஆகாது. அது மென்மையாகிவிடும், இழுத்தால் நீண்டுகொண்டே போகும். முடி நீக்கி, சவ்வு சுரண்டி, பதனிடாமல் இழுத்துக் காயவைத்த பச்சைத்தோல்தான் வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் கனம் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மெல்லியதாக இருந்தால் எந்த ஸ்பேனரும் அதைச் சமன் செய்யாது. புதுத் தோல் போட்டதும் அன்றே மேடைக்கு முறுக்காதீர்கள். பாதி இழுப்பில் சில நாள் வைத்து, தினமும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

அந்தத் தோலைச் சுரண்டிக் காயவைக்கிறவர் யார் என்று நாம் கேட்பதில்லை. மிருதங்கம் செய்கிற குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தை 2020-இல் எழுதினார். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் வாசித்த ஓசைக்குப் பின்னால் தஞ்சாவூர்ப் பர்லாந்து என்ற கலைஞரின் கை இருந்ததை அதில் பேசுகிறார். மேடையில் இருந்தவர் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்தது, தோலைக் கேட்டுக் கேட்டுச் செய்தவர் பெயர் வாசிக்கிறவர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தில் தப்பட்டை காய்ச்சுகிற, தவிலுக்குத் தோல் மாற்றுகிற பெரியவர்களிடம் பாங்கோஸைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த வாத்தியத்தின் பெயர்கூட அவர்களுக்குத் தேவையில்லை. தட்டிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் இறுக்கம் என்று கையை வைத்துக் காட்டுவார்கள். அவர்களுக்குக் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.

நேரமாகிவிட்டது, இன்னும் இரண்டு விஷயம் சொல்லி உட்கார்ந்துகொள்கிறேன். வாசித்து முடித்ததும் எல்லா நட்டையும் ஒரே அளவு தளர்த்திவிட்டுப் பையில் போடுங்கள்; அடுத்த நாள் அதே அளவு திருப்பினால் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும். கட்டாந்தரையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். அப்புறம், பேட் வாங்கிய பிறகு பரணில் போட்ட பாங்கோஸ் இந்த ஊரில் பல வீட்டில் கிடக்கும். தோல் கிழிந்துவிட்டது என்று அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கட்டையில் வெடிப்பு இல்லாமல், வளையம் வளையாமல் இருந்தால் தோல் மட்டும் மாற்றினால் போதும். எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.